எல்லைக் கோட்டைத் தமிழில் வரைந்து தாருங்கள்: வனத்துறைக்குக் குமரி மலையோரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

நாள்: 31 ஜூலை 2025

பெறுநர்: தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலாளர் அவர்களும், முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்களும்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆறு மாநிலங்களில் பரந்து கிடக்கும் சுமார் 56,800 சதுர கிலோமீட்டர் நிலத்தை, சுரங்கமும் குவாரியும் பெருந்தொழிலும் தடுக்கப்படும் சூழல் உணர்திறன் பகுதியாக அறிவிக்கும் ஆறாவது வரைவு ஆணையை ஒன்றிய அரசு வெளியிட்டு இன்றோடு ஓராண்டு நிறைவடைகிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர். முதல் வரைவு 2014 மார்ச்சில் வந்தது. அன்று பள்ளியில் சேர்ந்த குழந்தை இன்று மேல்நிலைப் படிப்பை எட்டியிருக்கும், ஆணையோ இன்னும் வரைவாகவே இருக்கிறது. இறுதி ஆணை வெளியாகும் முன் மாநில அரசின் கருத்து கேட்கப்படும் என்பதால், அக்கருத்தை எழுதப்போகும் உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோர ஊர் ஒன்றில் சிறு அளவில் ரப்பர் வைத்திருப்பவன். என் நிலத்தின் மேற்புற வரம்பில், வனத்துறை ஊழியர்கள் ஜண்டா என்று சொல்லும் எல்லைக் கற்குவியல் ஒன்று இருக்கிறது. இடுப்பளவு உயரம், பாசி படர்ந்த கல், எப்போதோ வெள்ளையடித்து எழுதிய எண்ணின் மிச்சம். இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். அந்த நாட்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தக் கல்லருகே நின்றால், ஒருபுறம் நான் நட்ட மரங்கள் வரிசை வரிசையாகவும், மறுபுறம் யாரும் நடாத மரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டும் நிற்பது தெரியும். மறுபுறத்திலிருந்து ஓர் ஓடை அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு என் நிலத்துக்குள் இறங்குகிறது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அந்தக் கல்லைப் பற்றி வழக்கு வந்ததில்லை. கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடிகிற எல்லை அது.

இந்த மலையின் அருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமும், 1988ஆம் ஆண்டு முண்டந்துறையையும் களக்காட்டையும் சேர்த்து உருவாக்கப்பட்ட 895 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகமும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி சரணாலயங்களும் சேர்ந்ததே 2001இல் அறிவிக்கப்பட்டு 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம்பெற்ற அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம். வரையாட்டின் தென்கோடி வாழிடமும் இந்த மலைத்தொடர்தான். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செங்குறிஞ்சி மரத்தின் தாயகமும் இதுவே.

ஆயினும் குமரியின் மலை பிற மலைகளைப் போன்றதல்ல என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். இங்கே மலைக்கும் கடலுக்கும் நடுவே இளைப்பாறுவதற்கு நீண்ட சமவெளி கிடையாது. மலையில் பெய்த மழை கோதையாறாக இறங்கி, குழித்துறையைக் கடந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. பழையாறு மணக்குடியில் கலக்கிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையில் தேங்கும் நீரைக் கொண்டு கடலோரம் வரை வயலும் தென்னையும் பிழைத்து வந்திருக்கின்றன. இரு பருவமழையும் பெறும் மாவட்டம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்குக் காரணமே, கடற்காற்றை மறித்து நிற்கும் அந்த மலையும் அதன் மேலிருக்கும் காடும்தான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலில் மீனவர்கள் மாண்டார்கள், மலையோரத்தில் ரப்பரும் வாழையும் வேரோடு சாய்ந்தன. ஒரே இரவில் நெய்தலும் குறிஞ்சியும் சேர்ந்து அழுத மாவட்டம் இது. ஆகவே மலைச்சரிவில் எந்த இடத்தில் கோடு போடுகிறீர்கள் என்பது மலையோரத்தானுக்கு மட்டும் உரிய கவலையாக இருக்க முடியாது. மீன்பிடித் துறைக்காரரும் கடற்கரைக்காரரும் அதில் பங்குடையவர்கள்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு வரைவு வெளியான சில வாரங்களில், எங்கள் ஊரில் தேநீர்க் கடையை ஒட்டிய படிப்பகத்தில் இருபது முப்பது பேர் கூடினோம். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் வரைவின் ஆங்கிலப் பிரதியைத் திறந்து, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். சுரங்கம், அனல்மின் நிலையம் என்ற வரை சிக்கல் இல்லை. எல்லை பற்றிய பகுதி வந்ததும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகை, கலை, விகலைகளில் வரிசையாக வந்தன. அவர் நான்கு வரி படித்துவிட்டு நிறுத்தினார். பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், ‘மக்களே, அதெல்லாம் கிடக்கட்டும். என் கிணறு கோட்டுக்கு உள்ளயா வெளியயா? அத மட்டும் சொல்லு’ என்றார். அந்த இளைஞரால் சொல்ல முடியவில்லை. அங்கிருந்த எவராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் வருவாய்க் கிராமம் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பெயரில் இருக்கிறது, முழுவதும் அடங்குமா, பகுதி மட்டுமா என்பதில் அன்று இரவு பத்து மணி வரை வாக்குவாதம் நடந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டத்தில், படிப்பகத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் நிலத்தைப் பற்றிய தாளை எங்களால் படிக்க முடியவில்லை.

இது மொழிபெயர்ப்பு விடுபட்டுப்போன சிறு குறை என்று கருதிவிட வேண்டாம். பத்தாண்டுக்கு மேலாக இந்த விவகாரம் எங்கெல்லாம் சறுக்கியதோ, அங்கெல்லாம் இதே ஓட்டைதான் இருந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காக ஒன்றிய அரசு அமைத்த, மாதவ் காட்கில் தலைமையிலான வல்லுநர் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கையைக் கொடுத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் போராடி, தகவல் ஆணையமும் டெல்லி உயர்நீதிமன்றமும் சொன்ன பிறகு 2012 மே மாதத்தில்தான் அது பொதுவெளிக்கு வந்தது. முடிவுகளை மேலிருந்து திணிக்காமல் கிராம சபைகளின் முன் வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்று சொன்ன அறிக்கை கிராமத்தை எட்டும் முன்னரே, அதைப் பற்றிய வதந்தி எட்டிவிட்டது. அந்த அறிக்கையின் எல்லாப் பரிந்துரைகளும் எனக்கு உடன்பாடானவை அல்ல; தாலுகா தாலுகாவாக மண்டலம் பிரித்த விதம் விவசாயிக்கு நெருக்கடி தந்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் முடிவை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடை சரியானது.

பின்னர் வந்த கஸ்தூரிரங்கன் குழு 2013இல் செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு இயற்கைக் காட்டையும் மனிதர் பயிரிட்ட நிலத்தையும் பிரித்துப் பார்த்தது. அதுவரை நல்லது. ஆனால் ஒரு கிராமத்தில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ சூழல் முக்கியத்துவமுள்ள நிலம் இருந்தால் அக்கிராமம் முழுவதையும் பட்டியலில் சேர்க்கும் முறையை வகுத்தது. திருவிதாங்கூர் காலத்திலிருந்து வரும் எங்கள் வருவாய்க் கிராமங்கள் எவ்வளவு பெரியவை என்பதை நீங்கள் அறிவீர்கள்: ஒன்றுக்குள் பல ஊர்கள், பள்ளிகள், கோயில்கள், தேவாலயங்கள், சந்தைகள் அடங்கியிருக்கும். வானத்திலிருந்து பார்த்தவருக்கு அது ஒரே பெயர். இதே சிக்கலில் கேரளம் 2013இன் இறுதியில் கொந்தளித்தது, உம்மன் வி. உம்மன் தலைமையில் குழு அமைத்துக் குடியிருப்பையும் தோட்டத்தையும் பிரித்துக் காட்டிய பிறகு, அம்மாநிலத்தின் பரப்பு 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து 9,993.7 சதுர கிலோமீட்டராகத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தில் குவாரிக்காரர்களின் கை இருந்ததா என்பது வேறு விவாதம். என்றாலும் ஓர் அரசு தரையில் இறங்கிப் பார்த்தால் கோட்டை மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று. 2022ஆம் ஆண்டு, சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் காப்பு வளையம் என்று உச்சநீதிமன்றம் ஜூனில் சொன்னதைத் தொடர்ந்து, அதே கேரளம் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி ஓர் அறிக்கையை வெளியிட்டபோது, வீடுகள் பல விடுபட்டுவிட்டன என்று மறுபடியும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அந்த உத்தரவைத் தளர்த்தியது.

ஆக, தெரியாமையிலிருந்து அச்சம் பிறக்கிறது. அந்த அச்சத்தை அறுவடை செய்பவர் விவசாயி அல்ல. வரைவு உண்மையில் தடுப்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள். புதிய சுரங்கம், கல்குவாரி, மணல் அள்ளுதல் ஆகியவற்றுக்கு முழுத் தடை. இருப்பவை ஐந்து ஆண்டுக்குள்ளோ குத்தகை முடியும்போதோ மூடப்பட வேண்டும். அனல்மின் நிலையமும் மாசு மிகுந்தவை என்று சிவப்புப் பட்டியலில் உள்ள புதிய தொழிற்சாலையும் கூடாது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடமும் பெரிய நகரியமும் கூடாது. எங்கள் மலையோரத்தில் இருபதாயிரம் சதுர மீட்டரில் வீடு கட்டக்கூடியவர் யார் என்று நான் விசாரித்துப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை. நிலத்தின் உடைமை மாற்றத்துக்குத் தடை இல்லை, இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கவும் தடை இல்லை என்று வரைவே சொல்கிறது. இவை எளிய தமிழில், ஒரு பக்கத் தாளில், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், ‘இனி ரப்பர் வெட்ட முடியாது, மாடு மேய்க்க முடியாது, மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்க முடியாது’ என்று ஊர் ஊராகப் பரவிய பேச்சு நின்றிருக்கும். அந்தப் பேச்சு நிற்காமல் இருந்ததால் இலாபம் அடைந்தது எது என்பதை அறிய, மலையோரச் சாலையில் இரவு பத்து மணிக்குமேல் அரைமணி நேரம் நின்றால் போதும். தார்ப்பாய் போர்த்திய கல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக மேற்கு நோக்கிப் போவதைக் காணலாம். விவசாயியின் அச்சத்தை முன்னிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் குவாரி நிற்கிறது.

விவசாயியின் அச்சமும் வெறுங்கற்பனை அல்ல என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறேன். 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நிலம் பதிவாகிவிட்டால், மரம் வெட்டவும் கைமாற்றவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். கையில் பட்டா வைத்துக்கொண்டே, தம் நிலம் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பத்திரப் பதிவுக்குப் போன அன்று தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். சூடுகண்ட பூனை அடுப்பண்டை போகாது. அப்படிப்பட்டவரிடம் போய், ‘இந்தக் கோடு உங்களை ஒன்றும் செய்யாது’ என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார். கோட்டைக் காட்ட வேண்டும்.

எனவே என் கோரிக்கை இதுதான். இறுதிக் கருத்தை ஒன்றிய அரசுக்கு அனுப்பும் முன்பாக, தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் தமிழில் ஒரு வரைபடம் தயாரியுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையோடு நின்றுவிடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தின் மீதே கோட்டைப் பதித்து, கோடு தொடும் புல எண்களையும் உட்பிரிவு எண்களையும் பட்டியலிடுங்கள். காப்புக்காடு எது, பட்டா நிலம் எது, அரசு ரப்பர்த் தோட்டம் எது என்று நிறம் பிரியுங்கள். இன்று குவாரி உரிமம் உள்ள புல எண்களைத் தனி நிறத்தில் காட்டுங்கள். அந்த ஒரு நிறம் பல வதந்திகளுக்குப் பதில் சொல்லிவிடும். பழைய திருவிதாங்கூர் ஆதாரங்களில் மலையாளத்தில் இருக்கும் இடப்பெயர்களும் சர்வே எண்களும் இன்றைய எண்களோடு பொருந்தாத இடங்கள் உண்டு. அவற்றை ஒப்பிட்டுத் தரும் வேலை வருவாய்த்துறையுடையது என்றாலும், கேட்க வேண்டியது நீங்கள்தான்.

அந்த வரைபடத்தில் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் அவர்கள் வழங்கும் பெயர்களிலேயே இடம்பெற வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்துக் கேட்கிறேன். காட்டுக்குள் ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு ஓடைக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டையும் நீர்நிலையையும் காக்கும் அதிகாரத்தை அவர்களுடைய கிராம சபைக்கு வழங்கியிருக்கிறது. அப்படியிருக்க, அவர்களுடைய ஊர் வெறும் புள்ளியாகவோ, அதுவும் இல்லாமலோ வரைபடத்தில் கிடப்பது முறையாகாது. சமவெளியிலிருந்து வந்து குடியேறிய எங்களுக்கு முன்னரே அங்கிருந்தவர்கள் அவர்கள். எங்கள் பட்டாவைப் பற்றி நாங்கள் இத்தனை குரல் எழுப்பும்போது அவர்களுடைய உரிமையைப் பற்றிப் பேசாமல் விட்டிருக்கிறோம் என்ற குற்ற உணர்வும் எனக்கு உண்டு.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பீர்களானால், முன்னுதாரணம் இருக்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடுமாறு டெல்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. ஒன்றிய அரசு செய்ய வேண்டியதை மாநில அரசு முந்திக்கொண்டு செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உங்களால் முடியும் என்பதற்கும் சான்று எங்கள் மலையிலேயே உண்டு. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைத் தேனி மாவட்டத்தில் பிடித்து மேல்கோதையாறுப் பகுதியில் விட்டபோது, மலையோரம் முழுவதும் கலங்கிப்போயிருந்தது. அதன் கழுத்துப்பட்டைக் கருவி தந்த தகவலைக் கொண்டு, யானை எங்கே நிற்கிறது, என்ன தின்கிறது என்று துறை செய்தி வெளியிட்டு வந்தது. சில வாரங்களில் பேச்சு அடங்கிவிட்டது. நடமாடும் ஒரு யானை இருக்கும் இடத்தைச் சொல்ல முடிந்த துறைக்கு, நகராத ஒரு கோடு இருக்கும் இடத்தைச் சொல்வது பெரிய காரியமாக இருக்காது.

காலம் கடத்துவதற்கான செலவை வேறு யாரோ செலுத்துகிறார்கள் என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆறாவது வரைவின் நாள் 2024 ஜூலை 31. அதற்கு முந்தைய நாள் அதிகாலையில்தான் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தச் சரிவுக்கு ஒரே காரணம் சொல்லிவிட எனக்கு அறிவியல் தகுதி இல்லை. ஆனால் எங்கள் மாவட்டத்திலும் அதே மலைத்தொடர், அதே செங்குத்துச் சரிவு, அதே வகை மழை. வெடி வைத்துப் பாறை பிளக்கும் இடத்துக்குக் கீழே குடியிருப்பவர்கள், மழை வலுத்த இரவுகளில் தூங்குவதில்லை.

மாநிலம் முழுவதும் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. ஆகஸ்ட் 15க்கு இரு வாரங்களே இருப்பதால் அதற்குள் வரைபடம் தயாராகாது என்பதை நானே ஒப்புக்கொள்வேன். அக்டோபர் 2 இயலக்கூடியது. அதுவும் தவறினால் நவம்பர் 1. உள்ளாட்சி நாளாகக் கிராம சபை கூடும் அந்த நாள், எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் இன்னொரு பொருளும் உடையது: மார்ஷல் நேசமணி போன்றோர் முன்னின்று நடத்திய போராட்டத்தின் முடிவில், 1956ஆம் ஆண்டு அதே நாளில்தான் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. புரியும் மொழியில் ஆளப்பட வேண்டும் என்பதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த மண்ணில், 69 ஆண்டுகளுக்குப் பிறகும் நிலத்தின் எல்லையை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் சென்ற ஜனவரியில் முடிந்து, இப்போது தனி அலுவலர்களே பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத சபையில், ‘வாசித்து ஏற்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது எளிது. அப்படி ஒரு வரி எங்களுக்கு வேண்டாம். வனச்சரக அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் அன்று நேரில் வரட்டும். வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, கேட்பவருடைய புல எண்ணைத் தேடிக் காட்டட்டும். ஏற்காதவர் எழுதித் தரும் ஆட்சேபத்தைப் பெற்றுக்கொண்டு ரசீது தரட்டும். உள்ளே வருகிறோம் என்று தெரிந்த பிறகும் கோட்டை ஆதரிக்க ஆள் இருப்பார்கள். நானே ஒருவன். என் நிலம் உள்ளே வந்தால், அந்த ஓடையின் மேல்பக்கம் நாளை யாரும் கல் உடைக்க மாட்டார்கள் என்ற உறுதி எனக்குக் கிடைக்கிறது. ரப்பர் விலை தராத உறுதி அது.

வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். கிணற்றைப் பற்றிக் கேட்ட அந்த முதியவருக்கு இப்போது இடக்கண்ணில் பார்வை குறைந்திருக்கிறது. முன்வரிசையில் இடம் பிடித்து வைப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மலையோர ரப்பர் விவசாயி ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.